பிரான்ஸ் திட்டிக்கொண்டே படிக்கும் மனிதர்

2015 ஜனவரி 7, புதன்கிழமை. பாரிஸ் தெருமுனைப் பத்திரிகைக் கடைகளில் அன்று காலை வந்திறங்கிய ‘சார்லி ஹெப்டோ’ வார இதழின் அட்டையில் ஒரு ஜோசியர். தலையில் மந்திரவாதித் தொப்பி, விரலிடுக்கில் சிகரெட், தொங்கிப்போன முகம். இந்த வருஷம் என் பல்லெல்லாம் கொட்டும், 2022-இல் ரமலான் நோன்பு இருப்பேன் என்று தனக்குத்தானே குறி சொல்லிக்கொள்கிறார். கார்ட்டூனிஸ்ட் லூஸ் வரைந்த கேலிச்சித்திரம். அதில் இருந்தவர் மிஷேல் வெல்பெக். அவருடைய ‘சரணாகதி’ நாவல் அதே காலையில்தான் புத்தகக் கடைகளுக்கு வந்திருந்தது. 2022-இல் ஓர் இஸ்லாமியக் கட்சியின் தலைவர் பிரான்ஸின் அதிபராகிறார் என்பது கதை. முதல் அச்சு ஒன்றரை லட்சம் பிரதி.

காலையில் வானொலியில் பேட்டி கொடுத்துவிட்டுப் போனார் வெல்பெக். நிக்கொலா அப்பேர் தெருவில் இருந்த சார்லி ஹெப்டோ அலுவலகத்தில் ஆசிரியர் குழு வாராந்தரக் கூட்டத்துக்கு உட்கார்ந்தது. அங்கேயும் பேச்சு இந்த நாவலைப் பற்றித்தான். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. பொருளாதார அறிஞர் பெர்னார் மாரிஸ் தன் நண்பரின் புத்தகத்துக்காக வாதாடினார். முந்தைய வருஷம்தான் அவர் வெல்பெக்கின் எழுத்தில் இருக்கும் பொருளாதாரத்தைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டிருந்தார். பதினொன்றரை மணிவாக்கில் துப்பாக்கிகளோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அன்றைய தாக்குதலில் செத்தவர்கள் 12 பேர். மாரிஸும் அவர்களில் ஒருவர்.

வெல்பெக் புத்தக விளம்பர நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு பாரிஸை விட்டு வெளியேறினார். மறுநாள் காலை பிரதமர் மனுவேல் வால்ஸ் வானொலியில் பேசினார். பிரான்ஸ் என்பது மிஷேல் வெல்பெக் அல்ல. வெறுப்பும் பயமும் சகிப்பின்மையும் அல்ல என்றார். நாடு பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நாளில், ஒரு கற்பனைக் கதை எழுதியவரைப் பெயர் சொல்லித் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் ஒரு பிரதமருக்கு வருகிறது! பிரான்ஸில் எழுத்தாளருக்கு இன்னும் அந்த இடம் இருக்கிறது. வெல்பெக்குக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

அந்த அட்டைப்படத்துக்குப் பிறகு ‘ஜோசியர்’ என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. பயங்கரவாதத் தாக்குதல், விவசாயிகள் போராட்டம் என எது நடந்தாலும், “வெல்பெக் முன்னாலேயே எழுதிவிட்டாரே” என்பது பிரெஞ்சுப் பத்திரிகைகளின் வாடிக்கை. இந்தக் கட்டுரையின் கட்சி வேறு. அவருடைய ஆரூடங்கள் பெரும்பாலும் பொய்த்தவை. நடந்துகொண்டிருந்ததைக் கவனித்து எழுதியவைதான் நிற்கின்றன.

பாட்டியின் பெயர்

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் பிறந்தவர் வெல்பெக். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் தீமிதித் திருவிழா நடத்தும் தீவு அது. ஆனால் தீவின் நினைவு அவருக்குச் சொல்லும்படியாக இல்லை. அம்மா டாக்டர், அப்பா பனிச்சறுக்குப் பயிற்சியாளர், மலையேற்ற வழிகாட்டி. இருவருக்கும் ஊர் சுற்றுவதில் இருந்த அக்கறை பிள்ளை வளர்ப்பில் இல்லை. கைக்குழந்தையை அல்ஜீரியாவில் இருந்த தாய்வழித் தாத்தா பாட்டியிடம் விட்டார்கள். ஆறு வயதில் அப்பாவின் அம்மா தன்னிடம் எடுத்துக்கொண்டார். அவர் பழுத்த கம்யூனிஸ்ட். அந்தப் பாட்டி பிறந்த வீட்டுப் பெயர்தான் வெல்பெக். பேரன் எழுத வந்தபோது மிஷேல் தொமா என்ற இயற்பெயரை விட்டுவிட்டு அதை வைத்துக்கொண்டார். அவர் நாவல்களில் பெற்றோர் எல்லோரும் குற்றவாளிகள், பாட்டிகள் எல்லோரும் புனிதர்கள். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

❑ பெட்டி: யார் இவர்?
பிறப்புச் சான்றிதழில் 1956 பிப்ரவரி 26. “இல்லை, 1958, என்னைச் சீக்கிரம் பள்ளிக்கு அனுப்ப அம்மா திருத்திவிட்டார்” என்பது அவர் கட்சி. படித்தது வேளாண் பொறியியல். பிறகு வேலையில்லாத காலம், மணவிலக்கு, மனச்சோர்வுக்குச் சிகிச்சை. கம்ப்யூட்டர் நிறுவனத்திலும், வேளாண் அமைச்சகத்திலும், கடைசியாக நாடாளுமன்ற அலுவலகத்திலும் கணினிப் பிரிவு ஊழியர். முதலில் வந்தவை கவிதைகளும், அமெரிக்கத் திகில் கதாசிரியர் லவ்கிராஃப்ட் பற்றிய நூலும் (1991). முதல் நாவல் 1994-இல். அயர்லாந்து, ஸ்பெயின் என்று பல வருஷம் வெளிநாட்டு வாசம். திரும்பி வந்து பாரிஸின் சீனர்கள் வாழும் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியேறினார். சிகரெட்டை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பிடிப்பது அடையாளம்.

ஆபீஸ் ஊழியரின் கண்

பிரெஞ்சு நாவலாசிரியர் என்றதும் காப்பிக்கடை, தத்துவம், காதல் என்று ஒரு படம் மனத்தில் எழும். வெல்பெக்கின் முதல் நாவலின் நாயகனோ முப்பது வயது சாஃப்ட்வேர் இன்ஜினியர். வேளாண் அமைச்சகம் வாங்கிய மென்பொருளை எப்படி இயக்குவது என்று மாவட்ட அலுவலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராக அனுப்பப்படுகிறான். கூடவே தீஸெரான் என்ற சக ஊழியன். அழகில்லாதவன். ஒரு பெண்ணும் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. மட்டமான லாட்ஜ்கள், இரவு நடன விடுதிகள், தோல்வி. கிறிஸ்துமஸ் சமயத்தில் கார் விபத்தில் தீஸெரான் செத்துப்போகிறான். கதை அவ்வளவுதான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதியை முதியவர் மொரீஸ் நதோ துணிந்து வெளியிட்டார்.

இந்தச் சின்னப் புத்தகத்தின் நடுவே ஒரு வாதம் இருக்கிறது. சந்தையைத் தடையில்லாமல் திறந்துவிட்டால் சிலர் கோடீசுவரர்களாவார்கள், பலர் தெருவுக்கு வருவார்கள். 1968 மாணவர் எழுச்சிக்குப் பின் வந்த பாலியல் சுதந்திரம் படுக்கையறையிலும் அதையே செய்தது. சிலருக்கு நித்தம் விருந்து, சிலருக்கு ஆயுள் முழுக்கப் பட்டினி. வலதுசாரிகள் சந்தையைக் கொண்டாடிவிட்டு ஒழுக்கம் கெட்டது என்று அழுகிறார்கள். இடதுசாரிகள் சுதந்திரத்தைக் கொண்டாடிவிட்டுச் சந்தையைத் திட்டுகிறார்கள். இரண்டும் ஒரே யந்திரம் என்பதை இருவருமே ஒப்புக்கொள்வதில்லை. விரலால் தள்ளித் தள்ளித் துணை தேடும் செயலிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1994-இல் எழுதப்பட்ட வாதம் இது. இன்று துணை கிடைக்காத இளைஞர்களின் கசப்பைப் பற்றி ஐரோப்பாவில் யார் எழுதினாலும் தீஸெரானைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

1998-இல் வந்த ‘அடிப்படைத் துகள்கள்’ அவரைப் பிரபலமாக்கியது. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள். ப்ருனோ ஆசிரியர், காமத்தில் உழல்பவர். மிஷேல் உயிரியல் விஞ்ஞானி, உணர்ச்சியே இல்லாதவர். இருவரையும் கைவிட்டுவிட்டு ஹிப்பிக் கூட்டத்தோடு போன அம்மா. மிஷேலின் ஆராய்ச்சியால் ஆண் பெண் உறவே தேவைப்படாத புதிய இனம் ஒன்று உருவாகி மனித குலத்துக்கு விடைகொடுக்கிறது. ‘68’-இன் தலைமுறைக்கு இது கன்னத்தில் விழுந்த அறை. அவரும் பங்குபெற்றிருந்த சிற்றிதழ்க் குழு அவரோடு உறவை முறித்துக்கொண்டது. நாவலில் தன் பெயரிலேயே இடம்பெற்ற ஒரு விடுமுறை முகாம் வழக்குப் போட்டது. அடுத்த பதிப்புகளில் பெயர் மாறியது. ‘நவம்பர் பரிசு’ நடுவர்கள் இந்த நாவலைத் தேர்ந்தெடுத்தபோது, பரிசின் புரவலர் பொறுக்காமல் விலகிப்போனார். புதுப் புரவலர் வந்தார். பரிசு இன்று ‘டிசம்பர் பரிசு’ என்ற பெயரில் நடக்கிறது. ஒரு நாவலுக்காக ஓர் இலக்கியப் பரிசு மாதம் மாறியது வேறெங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை. வெளியே வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2002-இல் டப்ளினின் ஒரு லட்சம் யூரோ இம்பாக் பரிசை வென்றது.

நாவலின் அம்மாவுக்குத் தன் அம்மாவின் குடும்பப் பெயரையே வைத்திருந்தார் வெல்பெக். பேட்டிகளில் அம்மா செத்துவிட்டார் என்றும் சொல்லிவந்தார். லூசி செக்கல்தி சாகவில்லை. எண்பதைத் தாண்டிய வயதில், 2008-இல், ‘அப்பாவி’ என்ற தலைப்பில் தன் பக்கத்தை எழுதி வெளியிட்டார். இன்னொரு தரம் என் பேரை எழுதினால் கைத்தடியால் பல்லைத் தட்டிவிடுவேன் என்று பேட்டியும் கொடுத்தார். தாய்க்கும் மகனுக்கும் நடந்த இந்தச் சண்டையைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் மெகா சீரியல்போல ஓட்டின.

கோர்ட்டும் குண்டும்

2001 ஆகஸ்ட் கடைசியில் ‘பிளாட்ஃபார்ம்’ வந்தது. தாய்லாந்துக்குப் பெண்களைத் தேடிப் போகும் ஐரோப்பிய ஆண்களின் கதை. அதையே ஒரு சுற்றுலாக் கம்பெனியின் தொழில் திட்டமாக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற நாவல். முடிவில் கடற்கரை விடுதியில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் தாக்குகிறார்கள். நாயகன் உயிராய் நேசித்த வலேரி இறந்துபோகிறாள். புத்தகம் வந்து சில நாள்களில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன.

இதே சமயத்தில் ‘லீர்’ இலக்கிய இதழுக்கு அவர் கொடுத்த பேட்டி வெளியானது. உள்ளதிலேயே முட்டாள்தனமான மதம் இஸ்லாம்தான் என்பதைக் கொச்சையான ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தார். பாரிஸ், லியோன் பள்ளிவாசல்கள் உள்ளிட்ட அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. 2002 செப்டம்பரில் குற்றவாளிக் கூண்டில் வெல்பெக். நான் வெறுப்பது மதத்தை, அதன் மக்களை அல்ல என்றார். அக்டோபர் 12-ஆம் தேதி பாலித் தீவின் இரவு விடுதிகளில் குண்டு வெடித்து 202 பேர் இறந்தார்கள்; நாவலின் கடைசி அத்தியாயத்தை யாரோ படித்துவிட்டுச் செய்தது போல இருந்தது. அக்டோபர் 22-ஆம் தேதி நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு மதத்தை விமர்சிப்பதும் அதைப் பின்பற்றுகிறவர்கள்மேல் வெறுப்பைத் தூண்டுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல என்பது தீர்ப்பின் சாரம். பிரெஞ்சுப் பேச்சுரிமை விவாதங்களில் இந்த வழக்கு அடிக்கடி திரும்பி வருகிறது.

தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பேட்டி நாவலுக்குச் செய்த கெடுதல் சட்டத்தில் அடங்காது. ‘பிளாட்ஃபார்ம்’ மேற்குலகத்தின் மேல் விழுந்த சாட்டையடி. பணம் கொண்டுபோய் ஏழை நாட்டின் உடலை வாங்குகிறவர்களை அது தோலுரிக்கிறது. பேட்டிக்குப் பிறகு அதை அப்படிப் படிக்க ஆளில்லாமல் போனது. வெல்பெக் எழுதியதை வெல்பெக் பேசியது தின்றுவிட்டது. இது முதல் முறை. கடைசி முறை இல்லை.

❑ பெட்டி: பத்து யூரோ பரிசு
பிரான்ஸின் மிகப் பெரிய இலக்கிய கௌரவமான கோன்கூர் பரிசின் தொகை வெறும் 10 யூரோ. காசோலையைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் விருது கிடைத்த புத்தகம் லட்சக்கணக்கில் விற்கும். இரண்டு முறை நழுவிய பரிசு, 2010-இல் ‘வரைபடமும் நிலப்பரப்பும்’ நாவலுக்கு முதல் சுற்றிலேயே கிடைத்தது. ஏழு ஓட்டு இவருக்கு, இரண்டு விர்ஜினி தெபாந்துக்கு. மிஷ்லின் சாலை வரைபடங்களைப் படம்பிடித்துப் பேர்வாங்கி, பிறகு ஓவியங்களால் கோடீசுவரனாகும் கலைஞனின் கதை. அதில் மிஷேல் வெல்பெக் என்ற எழுத்தாளரும் வருவார், கோரமாகக் கொலை செய்யப்படுவார். ஈயைப் பற்றிய பத்தி உட்படச் சில பகுதிகளை விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்திருக்கிறார் என்று புகார் கிளம்பியபோது, அது என் எழுத்து முறை என்றார் அலட்டிக்கொள்ளாமல். மறு வருஷம் நெதர்லாந்து புத்தகப் பயணத்துக்கு வராமல் சில நாள் ஆளையே காணோம். கடத்தப்பட்டார் என்றுகூட வதந்தி. அதை வைத்தே 2014-இல் ஒரு சினிமா எடுத்தார்கள். கடத்தப்பட்டவராக நடித்தது சாட்சாத் வெல்பெக்.

‘சரணாகதி’ யாரைக் கேலி செய்தது?

மீண்டும் 2015. பெர்னார் மாரிஸின் சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தொலைக்காட்சி அரங்கிலேயே வெல்பெக் உடைந்து அழுதார். வெளியே போலீஸ் காவல். புத்தகமோ பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் விற்பனைப் பட்டியலின் உச்சியில். வாங்கியவர்களில் எத்தனை பேர் முழுக்கப் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

படித்தால் ஒன்று தெரியும். இஸ்லாமிய அதிபர் பென் அபெஸ் இதில் வில்லன் இல்லை. சாமர்த்தியசாலி, மிதவாதி, பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிதானமானவர். தீவிர வலதுசாரி மரீன் லு பென் ஜெயித்துவிடக் கூடாதே என்று சோஷலிஸ்ட்டுகளும் வலதுசாரிகளும் சேர்ந்துதான் அவரை அதிபராக்குகிறார்கள். நாவலின் கேலி முழுக்க நாயகன் பிரான்சுவா மேல். சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் உயிஸ்மான்ஸில் ஆராய்ச்சி. சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடுபண்ணி, தனியே உண்டு, தனியே உறங்குபவர். ஆட்சி மாறுகிறது. பல்கலைக்கழகத்துக்குச் சவுதி பணம் வருகிறது. மதம் மாறினால் பதவி, பெருத்த சம்பளம், வீட்டார் பார்த்துக் கட்டிவைக்கும் மனைவிகள். பேராசிரியர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். துப்பாக்கி முனையில் யாரும் மிரட்டவில்லை. சம்பளப் பட்டியலைக் காட்டினார்கள், அவ்வளவுதான். படித்தவர்களின் முதுகெலும்பைப் பற்றி இவ்வளவு இரக்கமில்லாமல் அண்மையில் யாரும் எழுதவில்லை.

ஆனால் தெருவில் இந்த நாவல் வேறு வேலை செய்தது. பிரான்ஸை முஸ்லிம்கள் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தை வளர்த்துவந்தவர்களுக்குப் பெரிய எழுத்தாளர் ஒருவரின் முத்திரை கிடைத்தது. கேலியைக் கழித்துவிட்டுக் கதைச் சுருக்கத்தை மட்டும் மேடையில் சொன்னார்கள். நாடு முழுக்கப் பெண்கள் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பும் காட்சியை, முணுமுணுப்புகூட இல்லாமல், ஒன்றிரண்டு வரியில் நாவல் கடந்துபோகிறது. அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்கும் எண்ணம் பிரான்சுவாவுக்கு வரவில்லை. வெல்பெக்குக்கும் வந்த மாதிரித் தெரியவில்லை. இவர் நாவல்களில் நாயகனிடம் அன்பாக இருக்கும் பெண் நெடுநாள் உயிரோடிருப்பது அபூர்வம். ‘அடிப்படைத் துகள்க’ளில் இரண்டு பேர் தற்கொலை, ‘பிளாட்ஃபார்’மில் ஒரு கொலை. ஆணின் தனிமையை அங்குலம் அங்குலமாக அளக்கத் தெரிந்தவருக்கு எதிரே இருப்பவளின் தனிமை கண்ணில் படாதது அவருடைய பெரிய குறை. ரசிகர்கள் இதை மழுப்புவார்கள், மழுப்பத் தேவையில்லை.

நிஜமான 2022 எப்படிப் போனது? இம்மானுவேல் மக்ரோன் 58.5 சதவீத ஓட்டு வாங்கி லு பென்னைத் தோற்கடித்தார். முஸ்லிம் கட்சி எதுவும் பக்கத்தில்கூட வரவில்லை. ஜோசியம் பலிக்கவில்லை.

பால் விலை

பலித்தது எங்கே என்றால் பால் பண்ணையில். 2019 ஜனவரியில் ‘செரோட்டோனின்’ வந்தது. முதல் அச்சு 3,20,000 பிரதி. நாயகன் ஃப்ளோரான்-குளோத் லப்ரூஸ்த், வெல்பெக்கைப் போலவே வேளாண் பொறியாளர். மான்சாண்டோ விதைக் கம்பெனியில் வேலை பார்த்தவர், பிறகு பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகும் அரசு வேலை. சோர்வுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, பழைய காதலிகளைத் தேடிப் போகும் வழியில் நார்மண்டியில் கல்லூரித் தோழன் எமெரிக்கைச் சந்திக்கிறார். பிரபு வம்சம். மாடுகளை நல்லபடி வளர்த்துப் பால் கறந்து விற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன். விற்கிற விலை தீவனத்துக்கே போதவில்லை. வருஷா வருஷம் பரம்பரை நிலத்தில் ஒரு துண்டை விற்றுக் கடனை அடைக்கிறான். மனைவி போய்விட்டாள்.

இதன் பின்னணி நிஜம். 1984 முதல் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் எவ்வளவு பால் உற்பத்தி செய்யலாம் என்று உச்சவரம்பு இருந்தது. விலை ஓரளவு நின்றது அதனால்தான். 2015 மார்ச் 31-ஆம் தேதியோடு அந்த வரம்பு நீங்கியது. பெரிய பண்ணைகள் பாலைக் கொட்டின, விலை சரிந்தது, சின்னப் பண்ணைக்காரர்கள் கதவை மூடினார்கள். நாவலில் இதைப் பேரதிகாரி யாரும் சொல்வதில்லை, அரசியல்வாதி யாரும் பேசுவதில்லை. லப்ரூஸ்த் எண்களை மட்டும் சொல்கிறார். இத்தனை பண்ணைகள் இருந்தன, இத்தனை மிஞ்சும், அதன்பிறகுதான் விலை கட்டுப்படியாகும். அதைக் கேட்டுக்கொண்டு எமெரிக் மதுவை ஊற்றிக்கொள்கிறான். கடைசியில் பண்ணைக்காரர்கள் துப்பாக்கியோடு நெடுஞ்சாலையை மறிக்கிறார்கள். எதிரே கலவரத் தடுப்புப் போலீஸ். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எமெரிக் துப்பாக்கியைத் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறான். அதைத் தொடர்ந்து இரு தரப்பும் சுடத் தொடங்குகின்றன.

புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், 2018 நவம்பர் 17-ஆம் தேதி, டீசல் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்தவர்கள் ஊர் ஊராகச் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். பாரிஸ்காரர்கள் அதிர்ந்தார்கள், இந்த மனிதர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டார்கள். வெல்பெக்கைப் படித்தவர்களுக்கு விலாசம் தெரிந்திருந்தது. முதல் நாவலிலேயே அதே மாவட்ட அலுவலகங்கள், அதே சூப்பர் மார்க்கெட், அதே ஆளில்லாத ரயில் நிலையம். வேளாண் கல்லூரியில் படித்தவர், அமைச்சகத்தில் உட்கார்ந்தவர், கோப்புகளில் இருந்த எண்களைப் பார்த்தவர். இலக்கியப் பரிசுக் குழுக்களில் வேறு யாருக்கும் ஒரு லிட்டர் பாலின் அடக்கவிலை தெரிந்திருக்க நியாயமில்லை.

நாவலில் ஒரு போகிற போக்கு வரியில் நியோர் நகரத்தை அவலட்சணமான ஊர் என்று திட்டியிருந்தார். அந்த ஊர் மேயர் கோபித்துக்கொள்ளாமல், வந்து தங்கிப் பாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். அதே வருஷப் புத்தாண்டுப் பட்டியலில் வெல்பெக்குக்கு லெஜியன் ஆஃப் ஆனர் விருது. அதிபர் மக்ரோன் தன் கையால் குத்திவிட்டார். நான்கு வருஷம் முன்பு பிரதமர் ‘இவர் பிரான்ஸ் அல்ல’ என்று சொன்னவரின் சட்டையில்!

மருத்துவமனைக் கட்டில்

2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தனியே விடப்பட்ட கிழவர்கள். பிள்ளைகள் விடுமுறையில் கடற்கரையில். 2005-இல் வந்த ‘ஒரு தீவின் சாத்தியம்’ இதை விடாமல் பிடித்துக்கொண்டது. கிழவர்களைக் குப்பையாகப் பார்க்கும் சமூகம் என்று அதில் எழுதியவர், அந்த இழையை 2022 ஜனவரியில் வந்த ‘அழித்தொழித்தல்’ நாவலில் முழுதாக நூற்றார்.

736 பக்கம், கெட்டி அட்டை, மூன்று லட்சம் பிரதி முதல் அச்சு. கதை நடப்பது 2027 அதிபர் தேர்தல் சமயத்தில். இணையத் தாக்குதல்கள், அமைச்சரின் தலையை வெட்டுவதாகக் காட்டும் போலிக் காணொளி என்று பரபரப்பாகத் தொடங்குகிறது. நிதியமைச்சர் பாத்திரம், வெல்பெக்கின் நண்பரும் அன்று உண்மையிலேயே நிதியமைச்சராக இருந்தவருமான ப்ருனோ லு மேரின் சாயல். ஆனால் நூறு பக்கம் தாண்டியதும் நாவலுக்கு இந்தச் சதிகளில் ஆர்வம் போய்விடுகிறது. நாயகன் போல் ரெசோனின் அப்பா பக்கவாதத்தில் விழுகிறார். பேச முடியாது, கண் அசைவு மட்டும். முதலில் கிடைத்த நல்ல பராமரிப்பு ஆள் பற்றாக்குறையில் கெட்டுப்போகிறது. பிள்ளைகள் சேர்ந்து அப்பாவை இல்லத்திலிருந்து திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பிறகு போலுக்கே தாடையில் புற்றுநோய். பல வருஷம் ஒரே வீட்டில் அந்நியர்களாக இருந்த மனைவி ப்ருதான்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். வெல்பெக்கின் நாவலில் ஒரு பெண் கடைசிப் பக்கம் வரை உயிரோடும் அன்போடும் இருக்கிறாள். இதற்கு அவருக்கு 28 வருஷம் ஆனது.

இந்த அக்கறை புத்தகத்தோடு நிற்கவில்லை. 2021-இல் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் கருணைக்கொலைக்கு எதிராகக் காட்டமாக எழுதினார். அதைச் சட்டமாக்கும் நாகரிகம் மதிப்பை இழந்துவிடும் என்பது அவர் வாதம். அவரே கத்தோலிக்க நம்பிக்கை கைகூடாதவர், எனவே இது சாமி சொன்ன வாதம் இல்லை. வலியைக் குறைக்க மருந்து இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை. ஆள் இல்லாததற்குச் சாவு தீர்வா என்று கேட்டார். மறுபக்கம், தாங்க முடியாத வேதனையில் இருப்பவரின் விருப்பத்தை மறுக்க நீ யார் என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 2025 மே 27-ஆம் தேதி பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை, உதவியோடு உயிர்நீக்கும் உரிமை மசோதாவை முதல் சுற்றில் நிறைவேற்றியது. வாக்கெடுப்பில் கட்சிகளுக்குள்ளேயே பிளவு. வலது இடது என்ற வழக்கமான கோடு அங்கே அழிந்துபோனது. வெல்பெக்கின் நாவல்களில் அது எப்போதோ அழிந்துவிட்டது.

‘அழித்தொழித்த’லின் நன்றியுரையில், அதிர்ஷ்டவசமாக ஒரு நல்ல முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன், நிறுத்திக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தார்.

நிறுத்தவில்லை

அதே 2022-இன் முடிவில் தத்துவவாதி மிஷேல் ஓன்ஃப்ரேயுடன் அவர் நடத்திய நீண்ட உரையாடல் ஓர் இதழில் வந்தது. முஸ்லிம்கள் மேல் வன்முறை வெடிக்கும் என்றும், முஸ்லிம்கள் ஒன்று திருட்டை நிறுத்த வேண்டும் இல்லையென்றால் போக வேண்டும் என்கிற ரீதியிலும் பேசியிருந்தார். நாவலில் ஒரு பாத்திரம் சொல்லியிருந்தால் பாத்திரத்தின் தலையில் போட்டிருக்கலாம். இது அவரே பேசியது. பாரிஸ் பெரிய பள்ளிவாசல் சட்ட நடவடிக்கை அறிவித்தது. நடுவில் வந்து சமாதானம் பேசியவர் பிரான்ஸின் தலைமை யூத மதகுரு ஹைம் கோர்சியா. சந்தித்தார்கள், வெல்பெக் சில பத்திகளைத் திருத்த ஒப்புக்கொண்டார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தது. நெதர்லாந்தின் கலைக் குழு ஒன்று எடுத்த பாலியல் படத்தில் நடிக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். முன்னோட்டம் வெளியானதும் பதறிப்போய்த் தடை கேட்டார். முதல் சுற்றில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் இரண்டு நீதிமன்றங்களும் கைவிரித்தன. படுக்கையறையும் சந்தைதான், அங்கே ஒப்பந்தம்தான் பேசும் என்று 1994-லேயே எழுதியவர், கையெழுத்துப் போடும் முன் தன் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். 2023 மே மாதம் ‘என் வாழ்வில் சில மாதங்கள்’ என்ற மெலிந்த புத்தகத்தில் இரண்டு விவகாரங்களையும் எழுதினார். முஸ்லிம்களைப் பற்றிப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்த அதே புத்தகத்தில், படக்குழுவினர் ஒவ்வொருவருக்கும் கரப்பான் பூச்சி, பன்றி என்று பிராணிப் பெயர் வைத்துத் திட்டித் தீர்த்திருந்தார்.

❑ பெட்டி: எதிலிருந்து தொடங்கலாம்?
பெரும்பாலான நாவல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பெயர் கேள்விப்பட்டதும் ‘சரணாகதி’யை எடுப்பது பலரின் வழக்கம், அதைத் தள்ளிவைப்பது நல்லது. அதைச் சுற்றி எழுந்த கூச்சல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஷான் வைட்சைட் மொழிபெயர்த்த ‘செரோட்டோனின்’ நல்ல வாசல். நேரம் குறைவு என்றால் 1994-இன் முதல் நாவல்; ஒரு ரயில் பயணத்தில் முடியும். ‘வரைபடமும் நிலப்பரப்பும்’ அவர் எழுதியதிலேயே சிரிக்க வைப்பது. ‘பிளாட்ஃபார்’மை வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைக்கவும்.